நிலைபொருளா, நிலைப்பொருளா?

ஒரு சாதனத்துக்குள்ளேயே பதிந்திருந்து அதை இயக்கும் நிரலான ஃபர்ம்வேரைத் தமிழில் நிலைபொருள் என்கிறோம். சிலர் நடுவில் ஒரு ‘ப்’ போட்டு நிலைப்பொருள் என்று எழுதுகிறார்கள். இரண்டில் எது சரி என்று போன மாதம் வரை நான் கவலைப்பட்டதில்லை. நண்பர் ஒருவரின் வீட்டு மெஷ் வைஃபை பெட்டி செத்துப்போய், அதை எழுப்ப மூன்று இரவு உட்கார்ந்தபோதுதான் அந்த ‘ப்’ உறுத்தத் தொடங்கியது. பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்.

ஆங்கிலத்தில் ‘வேர்’ என்றால் விற்கும் சரக்கு, சாமான். ‘ஹார்டுவேர்’ என்பது கணினி பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்த சொல். ஆணி, கீல், பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் அதில் அடக்கம். நம் ஊர் ஹார்டுவேர் கடைகள் அந்தப் பழைய பொருளை இன்றுவரை விடாமல் வைத்திருக்கின்றன. கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்து இயந்திரத்துக்கு வைத்தார்கள். பிறகு அதற்கு எதிர்ப்பதமாக ‘சாஃப்ட்வேர்’ வந்தது. 1958இல் ஜான் டூக்கி என்ற கணிதவியலாளர் ஒரு கட்டுரையில் அதை அச்சில் பயன்படுத்தினார். ‘ஃபர்ம்வேர்’ மூன்றாவது பிள்ளை. 1967இல் ஆஷர் ஓப்லர் என்பவர் ஒரு கணினி இதழில் எழுதிய கட்டுரையில் அந்தச் சொல்லை உருவாக்கினார்.

அவர் மனத்தில் இருந்தது வைஃபை பெட்டி அல்ல, நுண்நிரல். ஒரு கூட்டல் கட்டளை வந்தால், எந்தக் கதவைத் திறந்து எந்த எண்ணை எங்கே அனுப்புவது என்று கணினியின் உள்ளேயே குட்டிக் குட்டிப் படிகளாக எழுதி வைத்த நிரல் அது. ஐபிஎம் 1964இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையின் 30ஆம் மாடலில் இந்த நுண்நிரல், துளையிட்ட அட்டை அளவுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்களில் இருந்தது. தாளை மாற்றினால் இயந்திரத்தின் குணம் மாறும். ஆனால் சாதாரண நிரல் போல நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. கெட்டியும் இல்லை, மெத்தும் இல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. அதற்குத்தான் ‘ஃபர்ம்’.

இந்த ‘ஃபர்ம்’ நம் வாயில் என்ன? மாங்காய் கல்லாகவும் இல்லாமல், கனிந்து குழைந்தும் போகாமல் நடுவில் ஒரு பதத்தில் இருக்குமே, செங்காய், அந்தப் பதம். ‘செங்காய்ப்பொருள்’ என்று யாரும் வைக்கவில்லை. வைத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும், வேறு யாருக்கும் பிடித்திருக்காது. அகராதியைத் திறந்து ‘ஃபர்ம்’ என்றால் உறுதி என்று எடுத்தால் உறுதிப்பொருள் என்று வரும். அது வேறு ஊருக்குப் போகும் வண்டி. அறம், பொருள், இன்பம், வீடு ஆகிய நான்கையும்தான் தமிழில் உறுதிப்பொருள் என்பார்கள். வைஃபை பெட்டி வீடுபேறு வரைக்கும் கொண்டுபோகாது.

ஆகவே நிலைபொருள் என்று ஆக்கியவர் யாராக இருந்தாலும் ஆங்கிலச் சொல்லைப் பெயர்க்கவில்லை. அந்தச் சாமான் செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். கரண்ட் போனால் தற்காலிக நினைவகத்தில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். இது மட்டும் நிலைத்து நிற்கும். மறுபடி கரண்ட் வந்ததும் பெட்டி தான் யார், என்ன செய்ய வேண்டும் என்பதை இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது.

இனி ‘ப்’. மென்பொருளும் வன்பொருளும் பண்புத்தொகை: மென்மையான பொருள், வன்மையான பொருள். நிலைபொருள் அப்படி இல்லை. நிலைத்த பொருள், நிலைக்கின்ற பொருள், நிலைக்கும் பொருள் என்று முக்காலத்துக்கும் விரிகிறது. ஊறுகாய் போல வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுக்காய் என்று யாரும் எழுதுவதில்லை. ‘ப்’ போட்டுவிட்டால் ‘நிலை’ பெயர்ச்சொல் ஆகிவிடும்: நிலைப்படி, நிலைக்கண்ணாடி மாதிரி. நிலைப்பொருள் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு வாசல் நிலையும் தச்சரும்தான் கண்ணில் வருகிறார்கள். திரும்பவும் ஹார்டுவேர் கடைக்கே வந்துவிட்டோம் பாருங்கள். என் கட்சி, ‘ப்’ வேண்டாம்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மாதத்துக்கு ஒருமுறை அப்டேட் கேட்கிற சாமானுக்கு நிலைபொருள் என்று பெயரா? ஆரம்பத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தொழிற்சாலையில் எழுதியதை அழிக்கவே முடியாத சில்லுகள் இருந்தன. பிறகு 1971 வாக்கில் புற ஊதா ஒளியில் அழிக்கக்கூடிய சில்லு வந்தது. அதன் முதுகில் சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், வெளிச்சம் படாமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார்கள். 1980களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோக்கா ஒரே அடியாகப் பெரும் பகுதியை மின்சாரத்தால் அழிக்கும் சில்லை உருவாக்கினார். கேமரா ஃபிளாஷ் அடித்த மாதிரி இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னதால் அதற்கு ஃபிளாஷ் என்று பெயர் வந்தது. அன்றிலிருந்து நிலைபொருள் எளிதாக மாற்றக்கூடியது ஆயிற்று. ஆனாலும் பெயர் பொய்யாகவில்லை என்பேன். நாமாக மாற்றும் வரை நிற்கும்; தானாகப் போகாது. வீட்டு வாசல் நிலையைக்கூட மாற்றலாம், அதற்காக அதை நிலை இல்லை என்று சொல்வதில்லை.

‘ஃபிளாஷ் செய்வது’ என்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதே இல்லை. மொபைல் சர்வீஸ் கடையில் ‘சாஃப்ட்வேர் ஏத்தணும்’ என்பார்கள். நிலைபொருள் ஏற்றுதல், அவ்வளவுதான்.

சரி, பெட்டி. ஒன்றோடொன்று பேசி வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மூன்று பெட்டிகள் கொண்ட செட். ஹாலில் ஒன்று, சமையலறைப் பக்கம் ஒன்று, மாடியில் ஒன்று. தயாரித்த நிறுவனம் அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டதால் நண்பர் மாற்று நிலைபொருள் ஏற்ற முனைந்தார். ‘கஸ்டம்’ என்பதைத் தனிப்பயன் என்று எழுதுகிறார்கள். பயன் தனியாக ஒன்றும் இல்லை, நிறுவனம் கொடுத்ததற்கு மாற்றாக வேறொன்று, அவ்வளவே. அதனால் நான் மாற்று என்கிறேன். நண்பர் செய்த தவறு சின்னது: மாடல் பெயரைப் பார்த்தார், பதிப்பு எண்ணைப் பார்க்கவில்லை. ஒரே பெயர், ஒரே உருவம், உள்ளே வேறு சாமான் என்பது திசைவி (ரவுட்டர்) உலகில் பழைய வழக்கம். 2002 கடைசியில் வந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி நல்ல உதாரணம். 2005இல் அதன் ஐந்தாம் பதிப்பு வந்தபோது, வெளியே அதே நீலப் பெட்டி, உள்ளே ஃபிளாஷ் 4 எம்பியிலிருந்து 2 எம்பி, நினைவகம் 16 எம்பியிலிருந்து 8 எம்பி, லினக்ஸ் போய் வேறு இயங்குதளம். லினக்ஸ் வேண்டும் என்றவர்களுக்காகப் பின்னால் ‘எல்’ சேர்த்து டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்றார்கள்.

நண்பர் ஏற்றிய கோப்பு சில்லின் தலைப்பகுதியிலேயே போய் உட்கார்ந்து பூட்லோடரைத் தின்றுவிட்டது. பூட்லோடர் என்பது கரண்ட் வந்ததும் முதலில் கண்விழித்து மற்றவர்களை எழுப்பும் சிறு நிரல். தொடக்கி என்றால் போதும். அது இல்லையென்றால் யாரும் எழமாட்டார்கள். இப்படிச் செத்த பெட்டியை ‘பிரிக்’ ஆகிவிட்டது என்பார்கள், செங்கல். அதில் மெத்து, கெட்டி என்று இரண்டு வகை சொல்கிறார்கள். இதற்குச் சூளைக்காரர்களிடம் நல்ல சொல் இருக்கிறது: பச்சைக்கல், சுட்டகல். பச்சைக்கல்லை நனைத்துக் குழைத்துத் திரும்ப அறுக்கலாம். தொடக்கி மட்டும் உயிரோடு இருந்தால் பெட்டி பச்சைக்கல்; ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தோ, கம்பி வழியாகவோ புதிதாக ஏற்றிவிடலாம். தொடக்கியும் போனால் சுட்டகல்.

நண்பருடையது சுட்டகல். பெட்டியைத் திறந்து, பெட்டி எழும்போது தன் செய்திகளை எழுத்தாக அனுப்பும் சீரியல் முனைகளில் கம்பி வைத்து, வழக்கமான நொடிக்கு 115200 பிட் வேகத்தில் கேட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. பிறகு எட்டுக் கால் ஃபிளாஷ் சில்லைக் கிளிப்பால் கவ்வி, உள்ளே இருந்த 16 எம்பியையும் அப்படியே படித்துச் சேமித்தேன். அந்தச் சில்லு 3.3 வோல்ட் ஆள். சில்லைப் படித்து எழுதும் கருவிகளில் (புரோகிராமர்) மலிவானவை சில 5 வோல்ட்டை அனுப்பிவிடும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஹாலில் இருந்த நல்ல பெட்டியைத் திறந்து, அதன் 16 எம்பியைப் படித்து, செத்ததில் எழுதினேன். உயிர் வந்தது. விளக்கு எரிந்தது, வைஃபை பெயர் தெரிந்தது.

ஆனால் மெஷ்ஷில் சேரவில்லை. இரண்டாம் இரவு முழுக்க இதற்கே போனது. காரணம் தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். நல்ல பெட்டியின் எல்லாவற்றையும் நகல் எடுத்ததில், ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக இருக்க வேண்டிய அடையாள எண்ணான மேக் முகவரியும் சேர்ந்தே வந்துவிட்டது. ஒரே முகவரியில் இரண்டு பேர். மெஷ்ஷில் பெட்டிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதே அந்த முகவரியால்தான். தன் முகவரியிலிருந்தே தனக்குக் கடிதம் வந்தால் யார் பதில் போடுவார்கள்?

இங்கேதான் நிலைபொருள் என்ற சொல்லுக்குள் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பிடிபட்டது. மாற்று நிலைபொருள்களில் பெயர்பெற்ற ஓபன்டபிள்யூஆர்டியை எடுத்துக்கொண்டால், சில்லில் முதலில் தொடக்கி. அப்புறம் படிக்க மட்டுமே முடிகிற, சுருக்கிக் கட்டிய அடிப்படை அமைப்பு. அதன்மேல் நம் பாஸ்வேர்டு, அமைப்புகள் எல்லாம் எழுதப்படும் மேலடுக்கு. ரீசெட் அழுத்தினால் இந்த மேலடுக்கு மட்டும்தான் துடைக்கப்படும். அடி அப்படியே இருக்கும். இவை தவிர ஒரு மூலையில் சிறு பகுதி ஒன்று உண்டு. அந்த ஒரு பெட்டியின் ரேடியோவைத் தொழிற்சாலையில் அளந்து சரிசெய்த அளவீட்டு எண்கள் அதில் இருக்கும். என் பெட்டியில் மேக் முகவரியும் அங்கேதான் இருந்தது. அதைப் போல இன்னொன்று உலகத்தில் இல்லை, எங்கேயும் டவுன்லோடு செய்ய முடியாது. நல்லவேளை, முதலில் படித்துச் சேமித்த கோப்பில் அந்தப் பகுதி கெடாமல் இருந்தது. அதை மட்டும் எடுத்து அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். மூன்றாம் இரவு மாடிப் பெட்டி மெஷ்ஷில் சேர்ந்தது. கண்டிப்பான பொருளில் நிலைபொருள் என்று ஒன்று இருந்தால் அந்த மூலைதான், மற்றதெல்லாம் செங்காய்.

‘மெஷ்’ பற்றி ஒரு வரி. ‘நெட்’டும் நமக்கு வலை, ‘மெஷ்’ஷும் வலை என்பதால் இது சிக்கல். ஆங்கிலத்தில் மெஷ் என்பது வலையின் கண். ‘வலைக்கண் வைஃபை’ யாருக்கும் ஒட்டாது. ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியோடு பின்னிக்கொள்வதால் பின்னல் என்று சொல்லலாம். 2011இல் வந்த 802.11எஸ் என்ற வைஃபை மெஷ் தரமும் அதைத்தான் செய்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன், நண்பர் சிரித்தார்.

மிச்சம் இருப்பது ‘போர்ட்டிங்’. புதிய மாடல் ஒன்றுக்கு இந்த மாற்று நிலைபொருளைக் கொண்டுவருவது. ‘போர்ட்’ என்றால் துறைமுகம், கேபிள் செருகும் துளைக்கும் துறை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து இதையும் துறை ஆக்கிவிடக் கூடாது. இந்தப் போர்ட் சுமந்துசெல்வது என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் பெயர்த்தல் என்ற வினை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பெயர்தல் என்றால் இடம் மாறுவது, பெயர்த்தல் என்றால் இடம் மாற்றுவது. குறுந்தொகையில் மாமூலனார் ‘மொழிபெயர் தேஎத்தர்’ என்று மொழி மாறிப்போகும் நாட்டில் இருப்பவரைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பு என்ற சொல்லில் நாம் தினமும் புழங்குவதும் இதே வினைதான். நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பெயர்த்து நடுவது போல, ஒரு பலகையில் வளர்ந்த நிரலை இன்னொரு பலகையில் நடுகிறோம்.

நடும்போது மண் தெரிய வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டியில் ஒரு புதுப் பெட்டிக்குப் பெயர்க்கிறவர் பெரும்பாலும் புது நிரல் எழுதுவதில்லை. ஒரு விவரக்கோப்பு எழுதுகிறார். எந்த விளக்கு எந்த முனையில், ரீசெட் பட்டன் எதில், ஃபிளாஷில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மேக் முகவரி எந்த இடத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் வரும். பக்கத்துப் பெட்டியின் கோப்பை எடுத்து எண்களை மாற்றுவதுதான் பாதி வேலை. மாற்ற மறந்த எண்தான் மீதிப் பாதி. இதெல்லாம் சாத்தியமானதே 2003இல் அந்த லிங்க்சிஸ் நீலப் பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்து, உரிமப்படி மூலநிரலைக் கொடு என்று கேட்டு வாங்கியதால். அடுத்த ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி தொடங்கியது. பெயரின் பின்பாதியில் இன்னும் அந்தப் பெட்டி இருக்கிறது.

மாடிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். மாடல் பெயர் பெரிதாக, பதிப்பு எண் எறும்பு அளவில். பேனா எடுத்து அந்த எண்ணைப் பக்கத்தில் பெரிதாக எழுதி, அதன் கீழே ‘நிலைபொருள் காப்பு நகல்: மூன்றுக்கும் தனித்தனி’ என்று சேர்த்தேன். நண்பர் வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: “நடுவுல ‘ப்’ வராதா?”