நார்வே வாஃபிள் ஏன் மொறுமொறுப்பதில்லை?

நார்வேயில் வாஃபிள் என்றால் தடியான, கடித்தால் நொறுங்குகிற பெல்ஜிய வகையை எதிர்பார்க்கக் கூடாது. இது மெல்லியது, வட்டமானது. இதய வடிவ இதழ்கள் ஐந்து நடுவில் கூடி நிற்கும். ஒவ்வொன்றாகப் பிய்த்துச் சாப்பிடலாம். தோசை மாதிரி மடிக்கவும் வரும். முதல் தடவை கையில் எடுப்பவருக்கு 'இன்னும் கொஞ்சம் வேகவிட்டிருக்கலாமே' என்று தோன்றும். ஆனால் அந்த மென்மைதான் அங்கே பக்குவம். பிள்ளைகளின் கால்பந்துப் போட்டி, ஊர் கூடிச் செய்யும் சிரமதானம், வெளிநாட்டுத் துறைமுகங்களில் உள்ள நார்வே மாலுமிகளின் தேவாலயம் என எங்கே போனாலும் இந்த மெத்தென்ற வாஃபிள்தான்.

மாவிலிருந்தே இது தொடங்குகிறது. 3 முட்டை, 100 கிராம் சர்க்கரை, அரை லிட்டர் பால், சுமார் 300 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி ஏலக்காய்ப் பொடி, 100 கிராம் உருக்கிய வெண்ணெய். கலந்ததும் சுடக் கூடாது. அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். மாவுத் துகள்கள் பாலை மெல்ல உறிஞ்சும், கலவை கெட்டிப்படும். கலக்கும்போது விறைத்துக்கொண்ட மைதாவின் புரத இழைகளும் தளரும். இதை அவசரப்படுத்தினால் வாஃபிள் ரப்பராகிவிடும். ஏலக்காயின் மணம் கொழுப்பில் நன்றாகக் கரையும் எண்ணெய்களில் இருக்கிறது. வெண்ணெய் அதை மாவு முழுக்கக் கொண்டுபோகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த செடி, வடதுருவத்தை ஒட்டிய ஒரு நாட்டின் அன்றாட மணமாகிப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

சரி, இப்போது சூடான வாஃபிள் கருவியின் இரட்டைத் தட்டுக்கு நடுவே ஒரு கரண்டி மாவை ஊற்றி மூடுங்கள். ஓரங்களில் புஸ்ஸென்று ஆவி கிளம்பும். நீர் ஆவியானால் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெருகும். பேக்கிங் பவுடர் விடும் வாயுவோடு சேர்ந்து அதுதான் மாவை உப்ப வைக்கிறது. மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, நிறமும் ஏறாது. ஈரம் குறைந்து 140 டிகிரியை நெருங்கும்போது சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து பொன்னிறமும் வாசனையும் வரும். இதற்கு மெய்யார்ட் வினை என்று பெயர். ஆவி தணியத் தொடங்கியதும் எடுத்துவிட வேண்டும். முழுக்க நிற்கும்வரை காத்திருந்தால் மொறுமொறுப்பாகிவிடும்.

எடுத்ததை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கம்பித் தட்டில் தனித்தனியாகப் போட்டால் ஆவி வெளியேறி ஓரம் காயும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், உள்ளிருந்து வரும் ஆவி வெளியே போக வழியில்லாமல் மேல்தோலிலேயே ஊறிவிடும். நார்வே வீடுகளில் அடுக்கித்தான் வைப்பார்கள்.

மேலே வைக்க ஸ்டிராபெரி ஜாமும் புளித்த கிரீமும் உண்டு. என் ஓட்டு புரூனொஸ்டுக்கு, அதாவது பழுப்புச் சீஸுக்கு. பெயரில்தான் சீஸ். பாலைத் திரித்துக் கட்டியை எடுத்த பின் மிஞ்சுகிற தண்ணீரை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுவார்கள். அதில் கரைந்திருக்கும் பால் சர்க்கரை அடர்ந்து, மிச்சமிருக்கும் புரதத்தோடு அதே மெய்யார்ட் வினையில் பழுப்பாகும். திரட்டுப்பால் சிவப்பதும் இப்படித்தான். 1863 வாக்கில் குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்த அன்னே ஹோவ் என்ற பெண் அந்தத் தண்ணீரில் கிரீமையும் சேர்த்துக் காய்ச்சினார். இன்றைய கொழுத்த புரூனொஸ்ட் அங்கிருந்து வந்தது. அதில் எவ்வளவு கொழுப்பும் சர்க்கரையும் இருக்கிறது என்பது 2013 ஜனவரியில் ஊருக்கே தெரிந்தது. வடக்கு நார்வேயில் சுமார் 27 டன் புரூனொஸ்ட் ஏற்றிய லாரி ஒரு சுரங்கப்பாதைக்குள் தீப்பிடித்து, நாள்கணக்கில் எரிந்தது.

இதில் பீட்சா சீஸ் போல இழுபடும் புரத வலை இல்லை. சூடு பட்டால் மிட்டாய் போல இளகும், அவ்வளவுதான். அதனால் மிக மெல்லியதாகச் சீவ வேண்டும். சீஸ் சீவுவதற்கென்றே லில்லெஹாமர் நகரத் தச்சர் தோர் பியோர்க்லுண்ட் 1925-இல் இழைப்புளி போன்ற சீவுகத்தி ஒன்றை உருவாக்கினார். அப்படிச் சீவிய ஏட்டை இளஞ்சூட்டு வாஃபிளில் வைத்து அரை நிமிடம் பொறுங்கள். ஓரம் பளபளக்கும்போது மடித்துக் கையிலேயே சாப்பிடலாம்.