641 இடம் அகப்பட்ட எண்

முள்ளியவளையில் உயர்தரம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறா: "4294967297 முதன்மை எண் இல்லை, 641 ஆல் வகுபடும் என்று சேர் ஒரு வரியில் எழுதிப்போட்டுப் போயிட்டார். கொம்பியூட்டர் இல்லாத காலத்தில் 641 ஐ எப்படிப் பிடிச்சவை?"

2 இன் 32 ஆம் வலுவோடு 1 ஐக் கூட்டினால் வருவதுதான் இந்த எண். வலுவை 1, 2, 4, 8, 16 என்று எடுத்தால் 3, 5, 17, 257, 65537 வரும்; ஐந்தும் முதன்மை எண்கள். இனி வருவதும் இப்படியே இருக்கும் என்று 1640 இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் நம்பினார். 1732 இல் ஒய்லர் என்ற இன்னொரு கணிதர் 641 ஐக் காட்ட, அடுத்த எண்ணிலேயே அந்த நம்பிக்கை உடைந்தது.

இந்த எண்ணின் எந்தக் காரணியும் 64 இன் மடங்கைவிட ஒன்று கூடியதாகவே இருக்கும் என்று ஒய்லர் பிறகு நிறுவினார். அதன்படி சோதிக்க வேண்டிய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் அகப்பட்டுவிடும்! அந்த நிறுவலுக்குக் கைகொடுத்தது ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம் என்பதுதான் பகிடி.

எனக்குப் பிடித்தது இதற்குள்ள குறுக்குவழி. நெல்லை 641 கிலோ மூட்டைகளாகக் கட்டுவதாக வைப்போம். கணக்கில் எடுப்பது மிச்சத்தை மட்டும். 640 கிலோ இருந்தால் ஒரு மூட்டைக்கு 1 குறை. ஆகவே மீதியை −1 என்று எழுதலாம். 640 என்பது 5 × 2⁷. அதை நாலாம் வலுவுக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸. −1 இன் நாலாம் வலு 1, ஆகவே இதன் மீதியும் 1.

இனித்தான் விளையாட்டு. 5⁴ என்றால் 625. மூட்டைக்கு 16 குறை, அதாவது −2⁴. 5⁴ இருந்த இடத்தில் இதைப் போடுங்கள்: −2⁴ × 2²⁸, அதாவது −2³². அதன் மீதி 1 என்றால் 2³² இன் மீதி −1. ஒன்றைக் கூட்ட, பூச்சியம். பத்து இலக்க எண்ணை நாங்கள் தொடவே இல்லை.

கிளிநொச்சிப் பக்கம் மோட்டார் சைக்கிள் நம்பரைக் கூட்டிப் பார்த்துப் பலன் கேட்பவர்களும் இதே மீதிக் கணக்கைத்தான் செய்கிறார்கள், தெரியாமலே. எங்கள் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 59, பிறகு 14, கடைசியில் 5. அது 9 ஆல் வகுக்க வரும் மீதி, அவ்வளவுதான். சனிக்கும் செவ்வாய்க்கும் அதில் அலுவல் இல்லை. பலன் சொல்பவருக்குக் கொடுக்கிற காசை ஊர்ப் பிள்ளைகளின் கணித வகுப்புக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து, கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, இருபது இலக்கம். 1880 இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர், எண்பது வயதளவில், அது 274177 ஆல் வகுபடும் என்று கண்டார். இந்த எண்ணின் காரணிகளுக்கு, முன்பு சொன்ன 64 இன் இடத்தில் 128 வரும். தங்கச்சி, 274176 ஐ 128 ஆல் வகுத்துப் பாரும். விடையை எழுதி அனுப்பும்.