எண்ணும் எழுத்தும்: உங்க பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா?

அரசுப் பள்ளியில பிள்ளை படிக்குதுன்னா "உங்க பையன் இன்னும் அரும்புலதான் இருக்கான்"னு டீச்சர் சொல்லி கேட்டிருப்பீங்க, நிறைய பேர் இதை ஃபெயில்னு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து பிள்ளைய வெளுக்குறாங்க. அது மார்க்கே இல்லங்க, 'எண்ணும் எழுத்தும்'ங்கிற அரசுத் திட்டத்துல பிள்ளை இப்போ எந்தக் கற்றல் நிலையில இருக்குன்னு சொல்ற பேரு.

கொரோனாவுல 2020 மார்ச்ல மூடின ஸ்கூல் சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர்லதான் திறந்துச்சு, ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சையே பார்க்காத பிள்ளைங்க நேரா ரெண்டாங்கிளாஸ்ல வந்து உட்கார்ந்துச்சுங்க. அதுக்காகத்தான் 2022 ஜூன்ல திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்துல முதல்வர் ஸ்டாலின் இந்தத் திட்டத்தை தொடங்கி வச்சார். முதல்ல 1 முதல் 3 வரை, அடுத்த வருஷம் 4, 5க்கும் வந்துச்சு. தமிழ், இங்கிலீஷ், கணக்கு மூணும் இதுல முக்கியம்.

எந்த வகுப்புங்கிறத விட பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியுதுங்கிறதுதான் இங்க கணக்கு. ஆரம்ப நிலைன்னா அரும்பு, நடுவுல மொட்டு, வகுப்புக்கு ஏத்த நிலைக்கு வந்துட்டா மலர், அந்தந்த நிலைக்கு ஏத்த மாதிரி பயிற்சி.

உதாரணமா 52ல 17 போனா எத்தனைன்னு கேட்டா ஒரு பிள்ளை 45னு எழுதுது. பழைய முறையில ஒரு தப்பு போட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. ஆனா அந்தப் பிள்ளைக்கு கழிக்கத் தெரியாம இல்ல, 7ல இருந்து 2ஐ கழிச்சிருக்கு, கடன் வாங்கத் தெரியல, அதாவது இடமதிப்பு புரியல. அப்போ பத்துக் குச்சிக் கட்டு ஒண்ண அவிழ்த்து கையில குடுத்து எண்ண விட்டா பிடிபட்டுடும். இதைக் கண்டுபிடிக்கத்தான் அடிக்கடி மதிப்பீடு.

என்னைக் கேட்டா யோசனை நல்லதுதான், சிக்கல் வேலைப்பளுவுலதான். ஒரே டீச்சர் மூணு வகுப்பை ஒரே ரூம்ல வச்சுப் பார்த்துக்கிட்டு மதிப்பீட்டை ஆப்லயும் ஏத்தணும், நெட் வேற சுத்திக்கிட்டே இருக்கும்.

அடுத்த தடவை ஸ்கூலுக்குப் போனா "எத்தனை மார்க்"னு கேக்காதீங்க, "எது இன்னும் வரல, வீட்டுல நாங்க என்ன பண்ணணும்"னு கேளுங்க, பயிற்சி நூலைக் காட்டச் சொல்லுங்க. பதில் சரியில்லன்னா பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல எழுப்பலாம், அதுல பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆறாவது போயும் வாசிக்கத் திணறுற பிள்ளைங்களுக்கு 2025ல 'திறன்'னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க, அதைப் பத்தியும் விசாரிச்சுக்கோங்க.