ஹைபிரிட் வகுப்பு: ஒரு சொல்லுக்குள் இரண்டு ஏற்பாடுகள்

கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், அமெரிக்கப் பள்ளி நிர்வாகங்களும் ஆசிரியர் சங்கங்களும் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகளில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: இன்-பெர்சன் (பள்ளிக்கு நேரில் வந்து படிப்பது), ரிமோட் (வீட்டிலிருந்தே படிப்பது), ஹைபிரிட் (இரண்டும் சேர்ந்தது). முதல் இரண்டைக் கொஞ்சம் கவனமாக இருந்தால் தமிழில் சொல்லிவிடலாம். மூன்றாவதுதான் இடறுகிறது. அதை 'கலப்பு வகுப்பு' என்றும் 'கலப்பினக் கற்றல்' என்றும் எழுதிவருகிறோம். இரண்டுமே பொருந்தவில்லை.

ஹைபிரிட் என்பதன் மூலம் லத்தீனில் உள்ள 'ஹிப்ரிடா'. வீட்டுப் பெண்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் பிறந்த குட்டிக்கு அந்தப் பெயர். பிறகு பெற்றோரில் ஒருவர் ரோமரும் மற்றவர் அயலாருமாக இருந்தால் அந்தப் பிள்ளையையும் அப்படி அழைத்தார்கள். கி.மு. 63-இல் சிசரோவோடு ரோமின் உயர்பதவியான கான்சல் பதவி வகித்த காயஸ் அந்தோனியஸுக்கு 'ஹிப்ரிடா' என்பதே பட்டப்பெயர். ஆங்கிலத்துக்கு 17-ஆம் நூற்றாண்டில் வந்த சொல், 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. 1866-இல் மெண்டல் வெளியிட்ட பட்டாணிச் செடி ஆய்வின் தலைப்பிலேயே அது இருக்கிறது. ஆக, வேரில் இது பிறப்பைப் பற்றிய சொல்: இரண்டு இனம் சேர்ந்து மூன்றாவதாக ஓர் உயிர்.

அந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. மாட்டுக்குக் 'கலப்பினம்', நெல்லுக்கும் தக்காளிக்கும் 'வீரிய ஒட்டு ரகம்'. விதைக்கடையில் "ஐபிரிட்டா, நாட்டு விதையா?" என்றே கேட்பார்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழ் பொருளுக்குத் தக்கபடி பிரித்துக்கொண்டது. பள்ளிக்கு வரும்போதும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். வகுப்புக்கு இனம் கிடையாது, எனவே 'கலப்பினம்' உதவாது. 'கலப்பு' என்றால், பாலில் தண்ணீர் கலந்ததுபோல, பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றாவது. ஹைபிரிட் பள்ளியில் எதுவும் அப்படி ஒன்றாவதில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம், செவ்வாய்க்கிழமை வீடு. இரண்டும் தனித்தனியாகவே நிற்கின்றன.

உண்மையில் ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றில் மாணவர் இடம் மாறுகிறார்: வாரத்தில் சில நாள் பள்ளி, மற்ற நாள் வீடு. மற்றதில் ஆசிரியர் ஒரே பாடவேளையில் எதிரே இருக்கும் பிள்ளைகளுக்கும் திரையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து நடத்துகிறார். பெற்றோருக்கு இந்த வித்தியாசம் எளிதில் கண்ணில் படாது. ஆசிரியருக்கோ இதுதான் எல்லாம்.

நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே அப்போது ஹைபிரிட்டுக்கு அதிகாரப்பூர்வப் பெயர் 'பிளெண்டட்'. 30 பேர் படிக்கும் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடி இடைவெளி விட்டால் அறையில் சுமார் 10 பேர்தான் அமரலாம். மூன்று குழுவாகப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் பள்ளி. ஒரு குழு அறையில் இருக்கும்போது மற்ற 20 பேருக்கு யார் பாடம் நடத்துவது? 2020 ஆகஸ்ட் இறுதியில் நகரக் கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாடு, ஒரே ஆசிரியரை ஒரே நேரத்தில் இருதரப்புக்கும் நடத்தச் சொல்லக் கூடாது என்றது. அறையில் இருப்போருக்கு ஓர் ஆசிரியர், அன்று வீட்டில் இருப்போருக்கு இன்னோர் ஆசிரியர், முழுக்க வீட்டிலிருந்தே படிப்போருக்கு வேறொருவர். கற்பித்தல் நோக்கில் நியாயமான விதிதான். ஆனால் அதற்கேற்ற ஆசிரியர் எண்ணிக்கை இல்லை. செப்டம்பர் 10 என்று இருந்த திறப்பு முதலில் 21-க்குப் போனது. பிறகு ஆள் பற்றாக்குறையால், தொடக்கப் பள்ளிகளுக்கு 29-ஆம் தேதி, மேல்வகுப்புகளுக்கு அக்டோபர் 1 என்று மீண்டும் தள்ளிப்போனது.

அந்த விதி ஏன் வந்தது என்பது, இருதரப்புக்கும் ஒருசேர நடத்திய வகுப்பை அருகிலிருந்து பார்த்தால் விளங்கும். மடிக்கணினியின் மைக் ஆசிரியர் குரலை எடுக்கும்; முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைசி வரிசைப் பிள்ளை கேட்கும் கேள்வி வீட்டுக்குப் போகாது. ஆசிரியர் ஒவ்வொரு கேள்வியையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அறையில் உள்ள பிள்ளைகளும் அதே இணைப்பில் ஒலியோடு சேர்ந்தால் கீச்சென்று எதிரொலி கிளம்பும். கரும்பலகை கேமராவுக்குத் தெரியாது; திரையில் எழுதினால் ஆசிரியர் மேசையை விட்டு நகர முடியாது. வீட்டிலிருக்கும் பிள்ளை கையுயர்த்தியதைக் கவனிப்பதற்குள் அறையில் இருவர் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

எனவே என் பரிந்துரை இரண்டு சொற்கள். மாணவர் முறை வைத்து வந்துபோகும் ஏற்பாட்டுக்குச் 'சுழற்சி வகுப்பு'. இது நான் ஆக்கியது அல்ல. 2021 செப்டம்பர் 1-இல் தமிழ்நாட்டில் 9 முதல் 12 வரையிலான வகுப்புகள் திறந்தபோது, 'சுழற்சி முறை' என்றுதான் எல்லாரும் எழுதினார்கள், பேசினார்கள். ஆசிரியர் ஒரே நேரத்தில் இரு இடத்துக்கும் நடத்துவதற்கு 'ஈரிட வகுப்பு'. 'இரு' என்பது உயிரெழுத்துக்கு முன் 'ஈர்' ஆகும். ஈராசிரியர் பள்ளி என்று நாம் வழங்குவது அப்படி வந்ததே. 'இருமுறை வகுப்பு' என்றால் இரண்டு தடவை நடத்துவதாகப் பொருள் திரிந்துவிடும். இரண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டிய தலைப்புகளில் மட்டும் 'கலப்பு முறை' இருந்துவிட்டுப் போகட்டும். விதி எழுதும் இடத்தில் வேண்டாம்.

இனி 'இன்-பெர்சன்'. 'நேரடி வகுப்பு' என்பது வழக்கு. ஆனால் 'நேரடி ஒளிபரப்பு' என்று டிவியில் சொல்கிறோமே, அங்கே நேரடி என்பது அதே நேரத்தில் என்ற பொருள். ஜூம் வகுப்பும் அந்தக் கணக்கில் நேரடிதான். ஆகவே உடல் அங்கே இருப்பதைச் சொல்ல 'நேரில் கற்பித்தல்', திரையில் அதே கணத்தில் நடப்பதற்கு 'நேரலை' என்று பிரிப்பது பாதுகாப்பு. 2020-இல் கலிபோர்னியா சட்டம் இன்-பெர்சனை, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியரின் உடனடி நேர்மேற்பார்வையில் இருப்பது என்று வரையறுத்தது. பாடத்தை யார் நடத்துகிறார் என்பது அதில் இல்லை. 2021 வசந்தத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பியபோது, ஒரே அறையில் ஓர் ஆசிரியர் மேற்பார்வையில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, மற்ற ஆசிரியர்களின் பாடத்தைத் திரையில் கேட்டார்கள். வகுப்பறையில் இருந்தும் படிப்பு தொலைவிலிருந்தே வந்தது.

'ரிமோட்' லத்தீனில் 'அப்பால் நகர்த்தப்பட்டது'. 'இணையவழி' என்று சொன்னால் குறுகிவிடும், ஏனெனில் அதே கலிபோர்னியா சட்டம் தொலைக்காட்சிப் பாடத்தையும் அச்சுத் தாள்களையும் ஏற்றது. 'தொலைநிலைக் கல்வி' என்றால் அஞ்சல்வழிப் பட்டம் நினைவுக்கு வரும். 'தொலைவழிக் கற்பித்தல்' இரண்டுக்கும் தப்பும்.

சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கணக்கு அதன் மேல் நிற்கிறது. அந்தக் கலிபோர்னியா சட்டப்படி 2020-21 கல்வியாண்டில் ஒரு நாளின் குறைந்தபட்சக் கற்பித்தல் நேரம் மழலை வகுப்புக்கு 180 நிமிடம், 1 முதல் 3 வரை 230, 4 முதல் 12 வரை 240. நேரில் நடந்ததைக் கடிகாரப்படி எண்ணினார்கள். தொலைவழியில் நடந்ததை, கொடுத்த பாடவேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆசிரியர் மதிப்பிட்டு எண்ணினார்கள். எந்தப் பகுதி எந்த வகை என்று தெளிவாக எழுதாவிட்டால் கூட்டலே தகராறாகிவிடும்.

ஒப்பந்தப் பெயரிலும் ஒரு பொறி உண்டு. 'மெமொராண்டம் ஆஃப் அண்டர்ஸ்டாண்டிங்' என்றதும் நம் செய்தித்தாள்கள் 'புரிந்துணர்வு ஒப்பந்தம்' என்று போடும். நம் வாசகருக்கு அது முதலீட்டாளர் மாநாட்டுக் கையெழுத்தாக, பெரும்பாலும் கட்டுப்படுத்தாததாகத் தோன்றும். அமெரிக்க ஆசிரியர் சங்கங்களில் அது உரிய ஒப்புதல் பெற்றபின் இருதரப்பையும் கட்டும். முதன்மை ஒப்பந்தத்தோடு சேர்க்கும் தனிக் கடிதத்தை 'சைடு லெட்டர்' என்பார்கள். இரண்டுக்கும் 'துணை உடன்படிக்கை' பொருந்தும்.

இப்படிச் சொற்களைப் பிரித்துவிட்டால் ஒரு விதியைத் தமிழில் ஐயமின்றி எழுதலாம்: "சுழற்சி வகுப்பில் ஒவ்வொரு குழுவும் வாரத்தில் இரண்டு நாள் நேரில் கற்கும்; மற்ற நாட்களில் தொலைவழியில் கற்கும். தொலைவழி நாட்களில் குறைந்தது ஒரு பாடவேளை நேரலையாக இருக்கும். ஆசிரியரின் எழுத்துமூல இசைவின்றி அவருக்கு ஈரிட வகுப்பு ஒதுக்கப்படாது." இதில் 'சுழற்சி', 'ஈரிட' என்ற இரண்டு இடத்திலும் 'ஹைபிரிட்' என்றோ 'கலப்பு' என்றோ போட்டுப் படித்துப் பாருங்கள், கடைசி வாக்கியம் முதல் வாக்கியத்தையே தடை செய்துவிடும்.