ஒரே எண், இரண்டு நாடுகள்: சொத்து ஏற்றத்தாழ்வு எப்படி உருவாகிறது?

உலகில் சமத்துவம் மிகுந்த நாடுகளின் வரிசையில் சுவீடனுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு (0 என்றால் முழுச் சமத்துவம், 1 என்றால் எல்லாமே ஒருவரிடம்) அங்கே 0.3-ஐ ஒட்டியே இருந்துவருகிறது. தென்னாப்பிரிக்காவில் 2014-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதே குறியீடு 0.63. உலக வங்கியின் பட்டியலில் நீண்ட காலம் அதுவே மிக உயர்ந்த அளவாக இருந்தது. ஆனால் ஆண்டு வருமானத்தை விட்டுவிட்டு, மக்கள் கையிலிருக்கும் சொத்தைக் கொண்டு இதே கணக்கைப் போட்டால், கிரெடிட் சூயிஸ் வங்கி 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இரு நாடுகளுமே 0.85-ஐத் தாண்டி ஏறக்குறைய அருகருகே வந்து நிற்கின்றன. இவ்வளவு வேறுபட்ட இரண்டு சமூகங்கள் எப்படி ஒரே எண்ணில் சந்திக்கின்றன என்பதைப் பார்த்தால், சொத்து எவ்வாறு குவிகிறது என்பதும் விளங்கும்.

முதலில் அளவுகோல். ஒரு நாட்டின் குடும்பங்களை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, கீழிருந்து இத்தனை சதவீதத்தினரிடம் மொத்தச் சொத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று ஒரு வளைவாக வரையும் முறையை அமெரிக்கப் பொருளியலாளர் மாக்ஸ் லோரன்ஸ் 1905-இல் முன்வைத்தார். எல்லோரிடமும் சமமாக இருந்தால் அது நேர்கோடாகும். ஏற்றத்தாழ்வு கூடக்கூடக் கீழ்நோக்கித் தொய்யும். அந்தத் தொய்வை 0 முதல் 1 வரையிலான ஒற்றை எண்ணாகச் சுருக்கும் வழியை இத்தாலியப் புள்ளியியலாளர் கொர்ராடோ கினி 1912-இல் கண்டார். பத்துக் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஊரில் ஒரே குடும்பம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, மற்ற ஒன்பதிடமும் ஒன்றுமே இல்லையென்றால், அந்த ஊரின் கினி குறியீடு 0.9. 0.85 என்பது எத்தகைய எண் என்று இதிலிருந்து உணரலாம்.

வீடு, நிலம், நகை, வங்கி வைப்பு, பங்குகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, அதிலிருந்து கடனைக் கழித்தால் கிடைப்பது நிகரச் சொத்து. வருமானம் ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படுவது என்பதால், வரியும் அரசு உதவித்தொகையும் அதன் ஏற்றத்தாழ்வை ஓரளவு சரிசெய்ய முடிகிறது. சொத்தோ தலைமுறை தலைமுறையாகச் சேர்வது. 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையின்படி, உலக மக்களில் மேல்தட்டு 10 சதவீதத்தினர் மொத்த வருமானத்தில் 52 சதவீதத்தைப் பெறுகிறார்கள். மொத்தச் சொத்திலோ 76 சதவீதம் அவர்களிடம் இருக்கிறது. கீழ்ப்பாதியினருக்கு வருமானத்தில் 8.5 சதவீதம் கிடைக்கிறது. சொத்தில் அவர்கள் பங்கு 2 சதவீதம்தான்.

சுவீடனில் ஓய்வூதியத்தையும் மருத்துவத்தையும் கல்வியையும் அரசே பார்த்துக்கொள்வதால், சாதாரணக் குடும்பங்கள் முதுமைக்கென்று பெருந்தொகை சேர்த்துவைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அரசு தரவிருக்கும் ஓய்வூதியமோ வழக்கமான சொத்துக் கணக்கில் சேராது. படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்குக் கடன் வாங்குவதும் பெரிய தொகைக்கு வீட்டுக்கடன் எடுப்பதும் அங்கே இயல்பு. நல்ல சம்பளத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் மருத்துவரின் கல்விக்கடன் அவருடைய சேமிப்பைவிட அதிகமாக இருந்தால், நிகரச் சொத்துக் கணக்கில் அவர் கையில் ஒன்றுமில்லாத கூலித் தொழிலாளிக்கும் கீழே போய்விடுகிறார். இப்படிப்பட்டவர்கள் பலர் சேரும்போது லோரன்ஸ் வளைவின் தொடக்கமே பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இது கதையின் ஒரு பாதிதான். வளைவின் மேல்முனையில் உண்மையான குவிப்பும் நடந்திருக்கிறது. ஒருவரின் மொத்தச் சொத்தின் மீது ஆண்டுதோறும் விதிக்கப்படும் செல்வ வரியைக் காரணம் காட்டி முதலாளிகள் வெளியேறுவது அங்கே நீண்ட காலமாகப் பேசப்பட்ட கவலை. ஐக்கியா நிறுவனர் இங்வார் காம்பிராட் 1973-இல் டென்மார்க்குக்கும் பின்னர் சுவிட்சர்லாந்துக்கும் குடிபெயர்ந்து, 2014-இல்தான் நாடு திரும்பினார். இடையில் வாரிசுரிமை வரி 2004-இன் இறுதியிலும் செல்வ வரி 2007-இலும் ஒழிக்கப்பட்டன. ஆகவே, சுவீடனின் எண் வெறும் கணக்கு விநோதம் என்று சொல்லிக் கடந்துவிடுவது, என் பார்வையில், தவறு.

தென்னாப்பிரிக்காவின் எண்ணுக்குப் பின்னால் இருப்பது பறிப்பு. 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதத்தை மட்டும் ஒதுக்கி, அதற்கு வெளியே அவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1936-இல் அந்த அளவு சுமார் 13 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 1950-இல் வந்த சட்டம் நகரங்களில் யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்பதை இனவாரியாக வரையறுத்தது. மதிப்பு ஏறும் மனையை வாங்கவும், அதை அடமானம் வைத்துத் தொழில் தொடங்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் இருந்த வாய்ப்புகள் எல்லாம் இதனால் மூடப்பட்டன. 1994-இல் வாக்குரிமை வந்தது. சொத்துக் குவிப்பு குறைந்ததாகத் தரவுகளில் தெரியவில்லை. இன்றும் மேல்தட்டு 10 சதவீதத்தினரிடம் நாட்டின் சொத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் இருக்கிறது. கீழ்ப்பாதியினரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் சொத்தைவிடக் கடனே அதிகம். சுவீடன் மருத்துவருக்குப் பின்னால் அரசு நிற்கிறது. இங்கே கடனில் இருப்பவருக்குப் பின்னால் அவ்வளவு வலுவான ஆதரவு இல்லை. ஒரே எண்ணை ஒரே அநீதியாகப் படிக்கக் கூடாது என்று நான் கருதுவது இதனால்தான்.

தடைகள் நீங்கிய பிறகும் இடைவெளி ஏன் தானாகச் சுருங்குவதில்லை? கூட்டுவட்டி ஒரு முக்கியக் காரணம். ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் பணம் 36 ஆண்டுகளில் ஏறத்தாழ 3 மடங்காகும். 6 சதவீதம் வளர்வது 8 மடங்காகும். பெரிய சொத்து பங்குகளிலும் சொந்தத் தொழில்களிலும் போய்ச் சேர்கிறது. சிறிய சேமிப்பு வங்கி வைப்பிலேயே தங்கிவிடுகிறது. நார்வே நாட்டின் வரிப் பதிவுகளைக் கொண்டு 2004 முதல் 2015 வரை ஆராய்ந்தவர்கள், சொத்து கூடக்கூட அதன் வருவாய் விகிதமும் கூடுவதையும், அந்த வேறுபாடு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதையும், ஒரே வகை முதலீட்டுக்குள்ளேயேகூட அது தென்படுவதையும் காட்டினார்கள்.

நார்வேயில் அந்த ஆய்வு சாத்தியமானதற்குக் காரணம், அங்கே செல்வ வரி இன்றும் நடைமுறையில் இருப்பதுதான். வரி விதிக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரின் சொத்தையும் அரசு ஆண்டுதோறும் பதிவுசெய்தாக வேண்டும். சுவீடனில் 2007-இல் வரி போனபோது, தனிநபர் சொத்துப் பதிவேடும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளுக்கு அந்நாட்டைப் பற்றிச் சொல்லப்படும் சொத்துக் குறியீடுகள், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ளது உட்பட, நேரடிப் பதிவை வைத்து எண்ணியவை அல்ல, பிற தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடுகளே.