அருகம்புல்லில் கிடக்கும் பந்து

கோல்ஃபில் பந்தைத் தூரமாக அடிக்கும் பெருந்தலை மட்டைக்கு ஃபேர்வே வுட் என்று பெயர். அதில் ஏழாம் நம்பரின் முகம், அதாவது பந்தில் படும் பக்கம், ஏறக்குறைய 21 டிகிரி சாய்ந்திருக்கும். வுட்டுக்கும் இரும்பு மட்டைக்கும் நடுவான ஹைப்ரிட் மட்டையில் நாலாம் நம்பரின் சாய்வும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாய்வு ஒன்று என்றால் பந்து போகும் விதமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இருப்பதில்லை. டெல்டாவில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ ஆடிப் பழகிவிட்டு, பொங்கலுக்கு மன்னார்குடிக்கும் ஒரத்தநாட்டுக்கும் வருகிறவர்களில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் இந்த வழக்கு வந்துவிடும். "பந்தை மேலே தூக்க வுட்டை மிஞ்ச எதுவும் கிடையாதுங்க" என்பார் ஒருவர். "புல்லுக்குள்ள கிடக்கிறத அதால அடிச்சுப் பாத்துட்டு, அப்புறம் பேசுங்க" என்பார் இன்னொருவர். பொய் சொல்கிறவர் இங்கே யாரும் இல்லை. ஒருவர் மட்டையின் தலையைப் பார்த்துப் பேசுகிறார், மற்றவர் தரையைப் பார்த்துப் பேசுகிறார்.

முதலில் தலை. அந்தக் காலத்தில் வுட்டின் தலையைப் பெர்சிமன் என்ற மரத்தில் கடைந்தார்கள். 1935 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜீன் சரசன் 235 யார்டு தொலைவிலிருந்து பந்தை ஒரே அடியில் குழிக்குள் போட்டது அப்படிப்பட்ட நாலாம் நம்பர் மர மட்டையால்தான். மரத்தலை முழுக்கட்டை, அதில் எடையை நினைத்த இடத்துக்கு நகர்த்துவது கடினம். 1979-ல் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே வெற்றிடம், சுற்றிலும் மெல்லிய ஓடு. இப்படி மிச்சமான எடையை அடியிலோ பின்புறத்திலோ வேண்டிய இடத்தில் சேர்க்க முடிந்தது. ஹைப்ரிட் ரொம்பப் பின்னால் வந்தது. அடிக்கக் கஷ்டமான நீண்ட அயர்ன்களுக்கு, அதாவது இரண்டு, மூன்று, நாலாம் நம்பர் இரும்பு மட்டைகளுக்கு மாற்றாக 2000-களில் பரவியது. வுட்டைவிடச் சின்னத் தலை, அயர்னைவிடப் பருத்த தலை.

பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லிசெகண்ட். அதற்குள் கை எதுவும் செய்துவிட முடியாது. கை உணர்வதற்குள் பந்து கிளம்பியிருக்கும். அந்த அரை மில்லிசெகண்டில் தலை, காம்பு இல்லாத தனி இரும்புத் துண்டு போலத்தான் நடந்துகொள்கிறது. அதனால் அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது என்பதே பெரிய கேள்வி.

அயர்னில் ஈர்ப்பு மையம் முகத்தை ஒட்டியே இருக்கும். வுட்டில் முகத்துக்கு நன்றாகப் பின்னால், தாழ்வாக இருக்கும். ஹைப்ரிட்டில் இரண்டுக்கும் நடுவில். மையம் பின்னால் போகப் போக, வீசும்போது காம்பு முன்பக்கம் வளைந்து தலையைக் கொஞ்சம் அண்ணாக்க வைக்கிறது. அதாவது 21 டிகிரி என்று பொறித்திருந்தாலும், பந்தைத் தொடும் கணத்தில் வுட்டின் முகம் ஹைப்ரிட்டைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாக வானம் பார்க்கலாம். வுட்காரர் சொல்லும் 'தூக்கல்' இதிலிருந்து வருவதுதான். உயரமாகப் போன பந்து செங்குத்தாக இறங்கும், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்ததும் ரொம்ப ஓடாமல் நிற்கும்.

அடுத்தது தவறாகப் படும் அடி. இரண்டு முனையிலும் குடம் தொங்கும் காவடித்தண்டைச் சட்டென்று திருப்ப முடியாது. அதே எடையை நடுவில் கட்டிவிட்டால் சுலபமாகத் திரும்பும். பள்ளிப் பாடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது இதைத்தான். வுட்டின் தலை பெரியது, எடை பரவியிருக்கிறது, ஆகவே பந்து ஓரத்தில் பட்டாலும் முறுக்கிக்கொள்வது குறைவு. அப்படியே கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும் அதிலும் ஒரு நன்மை உண்டு. வலக்கை ஆட்டக்காரரின் பந்து முகத்தின் நுனிப்பக்கம் பட்டால் தலை வெளிப்பக்கம் திரும்பும். ஈர்ப்பு மையம் பின்னால் இருப்பதால், அந்தத் திருப்பத்தில் முகம் பந்தின் மேல் பக்கவாட்டில் உரசி அதை எதிர்த்திசையில் சுழற்றிவிடும், இரண்டு பல்சக்கரங்கள் சுழல்வதுபோல. பந்து வலது பக்கம் கிளம்பி, பிறகு வளைந்து நடுவுக்குத் திரும்பும். வுட்டின் முகத்தைத் தடவிப் பார்த்தால் லேசாகப் புடைத்திருக்கும். அழகுக்கு வைத்ததல்ல, இந்தச் சுழற்சிக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அயர்னின் முகம் தட்டை, ஏனென்றால் அங்கே இந்த விளைவு மிகக் குறைவு. ஹைப்ரிட்டில் கொஞ்சமாக உண்டு.

இவ்வளவுதான் என்றால் வுட்டுக்கே தீர்ப்புச் சொல்லிவிடலாம். தரை என்று ஒன்று இருக்கிறதே.

கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பந்து மொட்டைத் தரையில் கிடக்கிறது, 20 டிகிரி சாய்ந்த முகம் தரையை உரசிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முகம் பந்தைத் தொடும் புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம்? கோணக் கணக்குப் போட்டால் சுமார் 14 மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்கூட இல்லை. மட்டையின் ஈர்ப்பு மையம் இதைவிடத் தாழ்வாக இருந்தால் பந்து எழும்பும். மேலே இருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து, பந்து தாழ்வாகக் கிளம்பும்; பின்சுழற்சி மட்டும் ஏறி, தூரம் குறைந்துவிடும். புல் பந்தை ஒரு சென்டிமீட்டர் தூக்கிப் பிடித்திருந்தால் இந்தக் கவலை இல்லை. ஆக, புல்தான் பாதி வேலையைச் செய்கிறது.

எந்தப் புல் என்று கேட்டால் நம் வரப்பில் கிடப்பதுதான். வெப்ப நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் பெர்முடா என்று விரிப்பது நம் அருகம்புல் இனமேதான். பல இடங்களில் அதையும் அதன் ஆப்பிரிக்க உறவுப்புல் ஒன்றையும் கலந்த ரகம். களை எடுக்கிறவர்களுக்கு அருகைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஒரு கணு மிஞ்சினாலும் முளைத்துக்கொள்ளும், ஓடுதண்டு கம்பிபோல இழுக்கும். ஒட்ட வெட்டிய அருகு, பந்தைத் தட்டில் வைத்ததுபோல ஏந்திக்கொடுக்கும். அங்கே வுட் ராஜா. விரல் நீளத்துக்கு வளரவிட்டால் பந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். அப்போது முன்னும் பின்னும் அகன்ற வுட்டின் தலை நிறையப் புல்லை வாரிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. காம்பு சேரும் கழுத்தில் ஓடுதண்டு சிக்கினால் முகம் இடது பக்கம் மூடிக்கொள்ளும். ஹைப்ரிட்டின் தலை ஒடுக்கம். காம்பும் குட்டை: ஏழாம் நம்பர் வுட் சுமார் 42 அங்குலம் என்றால் ஹைப்ரிட் 40 அங்குலம் போல. குட்டைக் காம்பு கொஞ்சம் செங்குத்தாக இறங்கும். இடையில் மாட்டும் புல் குறைவு.

களிமண் வேறு கதை. பழைய டெல்டாவின் களி தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த தாளடி வயலில் அது கல்லுக்குச் சமம். (உளுந்து தெளித்த வயலில் மட்டையோடு இறங்கிவிட வேண்டாம், இயற்பியலுக்கு முன்னால் வயல்காரர் வந்துவிடுவார்.) கெட்டித் தரையில் அகன்ற அடிப்பாகம் பந்துக்கு முன்பே பட்டால் எகிறும்; எகிறிய மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் வயிற்றில் இடிக்கும். ஒடுங்கிய அடிப்பாகம் உள்ள ஹைப்ரிட்டுக்கு இங்கே பிழைக்கும் வாய்ப்பு அதிகம். 2004 பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த ராயல் ட்ரூன் மைதானத்தில் டாட் ஹாமில்டன் கிரீனைச் சுற்றிய இறுகிய தரையில் ஹைப்ரிட்டால் பந்தை உருட்டி உருட்டியே ஜெயித்தார். ஐப்பசி மழையில் அதே களி சேறானதும் நிலைமை தலைகீழ்: அயர்ன் புதைந்துபோகும், அகன்ற அடி வழுக்கிக்கொண்டு போகும். கொள்ளிடத்து மணல் மாதிரி இளகிய மணலில் என்றால் இரண்டையும் பைக்குள் வைத்துவிட்டு, மணலுக்கென்றே உள்ள சாண்ட் வெட்ஜ் மட்டையை எடுப்பதே புத்திசாலித்தனம்.

ஹைப்ரிட்டைப் பற்றி ஓயாமல் கேட்கும் புகார், "இடது பக்கம் இழுக்குது" என்பது. இதில் பாதிப் பழி மட்டைக்கு. சின்னத் தலையில் ஈர்ப்பு மையம் காம்புக்கு அருகில் இருப்பதால் முகம் சுலபமாக மூடிக்கொள்ளும். மீதிப் பழி ஆட்டக்காரருக்கு. வுட்டை அடிப்பதுபோலப் பந்தை இடது காலுக்கு நேராக வைத்துக்கொண்டு பெருக்கித் தள்ளுகிறார்கள். மட்டை அங்கே போய்ச் சேர்வதற்குள் முகம் திரும்பிவிடுகிறது. அயர்னுக்கு வைப்பதுபோல இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் யாங் யோங்-உன் 206 யார்டிலிருந்து ஹைப்ரிட்டால் கொடிக்குப் பக்கத்தில் பந்தைக் கொண்டுபோய் வைத்து டைகர் வுட்ஸை வென்றார். அந்த அடியைப் பார்த்தவர்கள் மட்டையை மட்டும் குறை சொல்ல மாட்டார்கள்.

நிதானமாக வீசுகிறவர்களுக்கு, ஒட்ட வெட்டிய மைதானம் கிடைத்தால், ஏழாம் நம்பர் வுட்டையே சொல்வேன். ஹைப்ரிட்டை விற்கும் ஆர்வத்தில் கடைக்காரர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் ஒன்றை எடுத்தால் ஒன்றை விட்டாக வேண்டும். வாங்கும் முன் இரண்டின் முகத்திலும் கொஞ்சம் பவுடர் தடவி, பத்துப் பந்து அடித்துப் பாருங்கள். பந்து பட்ட தடம் அதில் பதியும். வுட்டில் தடங்கள் பக்கவாட்டில் சிதறிக் கிடந்தால் காம்பு உங்களுக்கு நீளம். எல்லாம் கீழ்விளிம்பை ஒட்டியே இருந்தால் தரை கெட்டி, அல்லது மட்டை பந்துக்குச் சரியாக இறங்கவில்லை. இரண்டுக்கும் ஹைப்ரிட்தான் வழி. தடங்கள் நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் அடங்கினால் வுட்டை எடுத்துக்கொள்ளலாம்.