மெத்தென்ற சீட்டில் ஏன் வலிக்கிறது?

பைக் சீட்டை மாற்றித் தைக்கப் போகிற பெரும்பாலோர் கடையில் செய்யும் முதல் வேலை, ஃபோமைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது. விரல் நன்றாக உள்ளே போனால், "இதையே போடுங்க அண்ணே" என்கிறோம். சென்னை ஜி.பி. ரோட்டில் மெத்தென்று இருந்த அதே சீட், திண்டிவனம் வருவதற்குள் பலகையாகிவிடுகிறது. விரல் பொய் சொல்லவில்லை. விரலின் பாரம் வேறு, நம் பாரம் வேறு.

உள்ளங்கைகளை அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டு எலும்பு முண்டுகள் கையில் குத்தும். நிமிர்ந்து உட்காரும்போது உடலின் பாரம் பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் பாரத்தில் 45 கிலோ சீட்டின் மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 150 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் சராசரி அழுத்தம், ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகில், சுமார் 220 மி.மீ. பாதரசம். 450 சதுர செ.மீ.க்குப் பரவினால் 73 ஆகக் குறையும். 1930இல் அமெரிக்க உடலியலாளர் யூஜின் லாண்டிஸ் விரல் நகத்தடித் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் அளந்த ரத்த அழுத்தமோ, தமனிப் பக்கத்தில் சராசரியாக 32தான்.

அதாவது, பாரம் நன்றாகப் பரவினாலும் அழுத்தம் அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது. சற்று நேரத்துக்கொருமுறை நெளிந்து உட்காரத் தோன்றுவது, நசுங்கிய இடத்துக்கு மீண்டும் ரத்தம் போக உடல் செய்யும் ஏற்பாடு. எந்தச் சீட்டும் அந்தத் தேவையை ஒழிக்காது, தள்ளிப்போடத்தான் முடியும். அதற்கு வழி மென்மை அல்ல, பாரத்தைப் பரப்புவது.

சீட்டுக்குள் இருப்பது பாலியூரித்தேன் ஃபோம். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த வேதியியலின் வாரிசு. ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் வினைபுரியும்போது கார்பன் டை ஆக்சைடு கிளம்பிக் கலவையைப் பொங்க வைக்கிறது. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் அதே வாயுதான். பொங்கி இறுகியபின் மிஞ்சுவது, ஒன்றோடொன்று திறந்த கோடிக்கணக்கான சிறு அறைகள்.

இந்த அறைகள் அமுங்குவதில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் அறைகளைத் தாங்கும் மெல்லிய சட்டங்கள் லேசாக வளையும். பிறகு மடங்கிச் சரியும். அப்போது பாரம் கொஞ்சம் கூடினாலே ஃபோம் நிறைய இறங்கும். கடைசியில் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட, ஃபோம் சட்டென்று விறைக்கும். பாரத்தை நடுக்கட்டத்தில் வைத்துத் தாங்குவதுதான் நல்ல சீட். மெத்தென்ற ஃபோமில் எலும்பு முண்டுகள் உட்கார்ந்தவுடனேயே மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடுகின்றன. உயரம் குறைவானவர்கள் கால் எட்டட்டும் என்று ஃபோமைச் சுரண்டும்போதும் இதுவே நடக்கிறது. சுரண்டத்தான் வேண்டுமென்றால், மிஞ்சுகிற ஃபோம் இன்னும் கெட்டியாக இருக்க வேண்டும்.

கெட்டித்தன்மையும் அடர்த்தியும் ஒன்றல்ல. அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது கெட்டித்தன்மை. ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோ பொருள் என்பது அடர்த்தி. ஃபோம் எத்தனை நாள் உழைக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது. நான் பரிந்துரைப்பது, அடியில் அடர்த்தியான, கெட்டி ஃபோமும் மேலே ஓர் அங்குலத்துக்குக் குறைவான மென்மையான ஃபோமும்.

வடிவம் இதைவிட முக்கியம் என்பது என் எண்ணம். எலும்பு முண்டுகள் அமரும் இடம் அகலமாக, கிட்டத்தட்ட மட்டமாக இருக்க வேண்டும். சீட் முன்பக்கம் சரிந்திருந்தால் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருப்போம். அழுத்தத்தோடு அந்த இழுவையும் சேரும்போது தோலின் ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது. முண்டுகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். அட்டைப்பெட்டியின் நெளியட்டையைக் கெட்டியான ஸ்டூலில் போட்டு, கொஞ்சம் முன்சாய்ந்து ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் நடு இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

ஃபோமை ஒட்டிய சொல்யூஷன் (பசை) காய்ந்ததும், ரெக்சின் போடுவதற்கு முன், வெறும் ஃபோமின் மேல் கால் மணி நேரமாவது உட்கார்ந்து பாருங்கள். குத்துகிற இடத்தை அப்போதே செதுக்கிவிடலாம். கடைசியாக ரெக்சின். நீட்சியில்லாத ரெக்சினை மத்தளத் தோல்போல் விறைப்பாக இழுத்துப் பின் அடித்தால், பாரம் ஃபோமுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும். கொஞ்சம் இழுபடுகிற ரெக்சினாகக் கேளுங்கள். தையல் முண்டுகளுக்கு அடியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.